சிறுமகார்க்கு வணக்கம் பயிற்றுதல்

சென்ற ஆண்டு ஒரு திருமடத்தில் நிகழ்ந்த குருபூசை விழாவிற்குச் சென்றிருந்தோம். மாகேசுர பூசை முடிந்தபின் அடியவர் பலரும் வரிசையாக நின்று, ஆண்டு முதிர்ந்த பெரியவர் ஒருவரை வணங்கித் திருநீறு பெற்றுக்கொண்டிருந்தனர். நமக்கு முன் நின்ற அன்பர் ஒருவர் தம் நான்கு வயதுக் குழந்தையைப் பெரியவரை வணங்கும்படி ஏவினார். குழந்தை தன் கைகளை முதுகின்புறம் மறைத்துக்கொண்டு நின்றது. மீண்டும் ஏவினார், அது தாயின் முன்றானையிற் சென்று முகம் புதைத்தது. பலரும் பார்க்கின்றனரே என்னும் நாணத்தால் தந்தையார் அதன் பிடரியைப் பற்றி நிலத்தை நோக்கி அழுத்தினார். குழந்தை வீறிட்டழுதது. பெரியவர், "விடுங்கள் ஐயா" என்று கூறித் தாமே குனிந்து அதன் நெற்றியில் நீறிட்டார். அருகில் நின்ற நாமோ, "இக்காலத்துக் குழந்தைகட்குப் பணிவு என்பதே இல்லை" என ஒரு சொற் சொன்னோம்.

அச்சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. அவ்வவையில் ஆணவம் தொழிற்பட்டது யார்மாட்டு? அறியாது கையை மறைத்த குழந்தையினிடத்தா, நாணத்தாற் பிடரியை அழுத்திய தந்தையினிடத்தா, அன்றிச் சாத்திரம் பயின்றும் வாய் அடங்காத நம்மிடத்தா? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். பள்ளிப் பருவத்தை எய்தாத மூன்று முதல் ஐந்து ஆண்டு வரையுள்ள சிறுமகார்க்கு வணக்கமும் இன்சொல்லும் பயிற்றுதல் முறையோ, முறையாயின் எவ்வாற்றான் என்பதனைச் சித்தாந்தநெறி பற்றி ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதன்கண் இருவகைக் கொள்கை வழங்குகின்றன. ஒருசாரார், உள்ளத்துணர்வின்றி உடம்பளவிற் செய்யும் வணக்கம் பொய்யாம் ஆதலின், குழந்தையைப் பொய் நடிக்கப் பழக்குதல் அறமன்று, அறிவு முதிர்ந்தபின் அது தானே வணங்குக என்பர். மற்றொருசாரார், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது ஆதலின் அடித்தேனும் வளைத்தல் வேண்டும் என்பர். மேனாட்டாருள்ளும் இங்ஙனம் வேறுபாடு உண்டு. ஆங்கில நாட்டு லாக் என்னும் அறிஞர் 1690 ஆம் ஆண்டிட்டு வந்த தம் நூலில், மக்கள் உள்ளத்தைத் தொடக்கத்தில் எழுத்தொன்றும் எழுதப்படாத வெள்ளைத் தாளுக்கு ஒப்பிட்டார். ரூசோ என்பார் 1762 இல் வெளியிட்ட 'எமீல்' என்னும் நூலில், குழந்தை இயல்பிலே நன்மையுடையது, அதனைக் கெடுப்பது மக்கட் கூட்டமே என்றார்.

நம் சித்தாந்தம் இவ்விரண்டனுள் ஒன்றனையும் முழுதும் உடன்படுவதன்று. மகவாகப் பிறந்து வந்த உயிர் புதிதன்று. செம்பிற் களிம்பு போல அநாதியே ஆணவத்தோடு கூடியது. தன் வினைக்கேற்ற உடம்பெடுத்து வந்தது. ஆதலின் அது வெள்ளைத்தாளும் அன்று, மாசற்றதும் அன்று. இரண்டு வயதுக் குழந்தை மொழி பயிலத் தொடங்கியவுடனே 'என்னது' என்று பொம்மையைப் பற்றிக்கொண்டு அலறுதலை யாவரும் கண்டிருப்பர். அதனை எவரும் கற்பித்திலர். ஆயினும் ஆணவம் உயிருக்கு இயல்பன்று, குற்றமே ஆகும். உயிரினது இச்சை, அறிவு, செயல் என்பன அதனால் மறைப்புண்டு கிடக்கின்றனவேயன்றி அழிந்தனவல்ல. மேலும், உயிர் படிகம்போலச் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. இவ்வியல்பே கல்வி என்பதற்கு இடந்தருவது. சாராது தானே நிற்பதாயின் அதனைத் திருத்துதல் ஒருவராலும் ஆகாது.

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், அரசகுமரன் ஒருவன் வேடர் சேரியில் வளர்ந்து தன்னை மறந்திருந்த நிலையை உயிருக்கு உவமையாகக் கொண்டமை அறிவோம். அவ்வுவமையை ஐம்புலன்மேல் வைத்துப் பொருள் கொள்ளுதல் நமக்குப் பழக்கமாதலின், அதன் நேர்ப்பொருளை நாம் பெரும்பாலும் கடந்து செல்கின்றோம். அக்குமரனுக்கு வேடரொழுக்கத்தைப் பாடமாக எவரும் ஓதவில்லை. அவர் நடந்தவாறு நடந்தான், அவர் பேசியவாறு பேசினான், அவ்வளவே. வேடரிடை வளர்வோன் வேடனாதலும் அடியாரிடை வளர்வோன் அடியனாதலும் ஒரே விதியின்பாற்படுவன.

அற்றேல், உணர்வின்றிச் செய்யும் வணக்கம் பொய்யன்றோ எனின், அற்றன்று. பொய்யாவது, உள்ளத்து ஒன்று இருப்ப அதற்கு மாறாய பிறிதொன்றைப் புறத்தே காட்டுதல். உள்ளத்தில் இன்னும் அரும்பாத ஒன்றற்குப் புறத்தே இடஞ்செய்து வைத்தல் பொய்யாகாது. 'அம்மா' என்னுஞ் சொல்லின் பொருளை முற்றும் உணர்ந்தபின்னரே அதனைச் சொல்லலாம் என்று தடுப்பின், எக்குழவியும் வாய் திறவாது. சரியை முதலிய நான்கினையும் நம் ஆசிரியர் அம்முறையில் வைத்ததும் இக்கருத்துப் பற்றியே. உடம்பின் தொழிலாகிய சரியை முன்னும், ஞானம் பின்னும் வைக்கப்பட்டன. சரியையைத் தாசமார்க்கம் என்றும் கிரியையைச் சற்புத்திர மார்க்கம் என்றும் கூறுதலின், தொண்டனாந் தன்மை மகனாந் தன்மைக்கும் முற்பட்டது என்பது பெறப்படும்.

ஆயின் ஒன்று கருதத்தக்கது. சித்தியார் சரியைக்குரியனவாக எடுத்தோதும் செயல்கள் யாவை? திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், விளக்கிடுதல் என்பன முன்னே வருகின்றன. அடியாரைக் கண்டவழிப் பணிதல் அவற்றின் பின்னர், 'யான் செய்யத்தக்க பணி யாது' என்று வினவுதலோடு சேர்த்தே வைக்கப்பட்டது. பணி இல்லாத பணிவு அங்கே கூறப்படவில்லை. நாமோ குழந்தைக்கு அலகும் கொடோம், பூக்குடலையும் கொடோம். 'நீ தொட்டாற் கெட்டுவிடும்' என்று விலக்குவோம். விருந்தினர் வந்த பொழுது மட்டும் 'கும்பிடு' என்போம். முன்னுள்ள படிகளை நீக்கிவிட்டுப் பின்னுள்ள படியில் ஏறு என்றால் அது எங்ஙனம் ஏறும்? மூன்று வயதுக் குழந்தைக்குத் துடைப்பத்தின்மேல் உள்ள விருப்பம் பிறிதெதன்மேலும் இல்லை என்பதனைத் தாய்மார் அறிவர். அவ்விருப்பத்தை நாமே வெட்டியெறிந்துவிட்டுப் பின்னர்த் தொண்டு மனப்பான்மை இல்லையே என்று வருந்துகின்றோம்.

இனி, எவ்வாறு பயிற்றுதல் என்பதற்கு நம் தமிழிலேயே ஒரு வழி உளது. அது பிள்ளைத்தமிழ். குமரகுருபர அடிகள் முதலியோர் அருளிய பிள்ளைத்தமிழ் நூல்களைப் பாட்டின் இனிமை பற்றியே பலரும் போற்றுவர். நாம் ஈண்டு அதன் அமைப்பினைக் காண்க என்கின்றோம். ஒன்பதாந் திங்களில் வைக்கப்படுவது சப்பாணி. இரு கையையும் சேர்த்துக் கொட்டுதல். கை இரண்டும் ஒன்றோடொன்று கூடுதல் குழந்தைக்கு முதற்கண் விளையாட்டாகவே வருகின்றது. கும்பிடுதலும் அக்கைகளின் கூட்டமே. ஆளுடைய பிள்ளையார் திருக்கோலக்காவில் கைத்தாளம் இட்டுப் பாடியபொழுது, அச்சிறு கைகள் நோமே என இரங்கி இறைவன் பொற்றாளம் அளித்தான் என்பதனையும் இதனோடு வைத்து எண்ணுக. இறைவனே நோகாமற் காத்த கை குழந்தையின் கை.

முத்தப் பருவத்தில் முத்தம் தருக என்றும், வருகைப் பருவத்தில் வருக என்றும் வேண்டுகின்றனர். எங்கும் ஏவல் இல்லை, வேண்டுகோளே உளது. பாட்டுடைத் தலைவர் தெய்வமாதலின் அங்ஙனம் வேண்டினர் எனின், ஒக்கும். ஆயினும் அவ்வேண்டுகோள் தமிழ்த் தாயர் தம் மகவை வேண்டும் நாவினின்றே எடுக்கப்பட்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவமோ இன்னும் நுட்பமுடைத்து. சிறுமியர் மணலால் வீடு கட்டி விளையாடுகின்றனர். சிறுவன் காலால் அதனைச் சிதைக்க வருகின்றான். பிறர் ஆக்கியதை அழித்தல் என்னும் குற்றம் குழந்தைக்கு முதன்முதல் நேர்வது இவ்விடத்தேதான். அச்சிறுமியர் அவனை வைதிலர், அடித்திலர், அவன் தந்தையை அழைத்திலர். தாம் எவ்வளவு முயன்று கட்டினோம் என்பதைக் கூறி, சிதையாதே என இரந்தனர். பிறர்க்கும் ஓர் உள்ளம் உண்டு, அது நோம் என்பதனை அச்சிறுவன் அறியுமாறு செய்தலே அது. மரியாதை என்று நாம் கூறுவதன் வித்து இதனின் வேறன்று.

சாத்திரம் வல்லார் இங்கே ஒரு தடை நிகழ்த்துவர். தாயும் தந்தையும் தம் சொல்வழி நில்லாத புதல்வரை உறுக்கியும் வளாரால் அடித்தும் திருத்துவர், அதுவும் அன்பே, அதுபோல இறைவன் தண்டித்தலும் அருளே எனச் சித்தியார் கூறிற்றன்றோ, அடித்தல் ஆகாதெனின் அதனோடு மாறுபடுமே என்பது அத்தடை. இது வலியுடைய தடையே. நாமும் பல்லாண்டு இதனை அடித்தற்குச் சான்றாகவே கொண்டிருந்தோம். ஆயின் அவ்விடத்து ஆசிரியர் சாதிக்கப் புகுந்தது இறைவன் செய்யும் மறக்கருணை கருணையே என்பதனை. தந்தையர்க்கு விதி வகுத்தல் அவர் கருத்தன்று. உலகத்தார் செய்வதொன்றை எடுத்து உவமை காட்டினார். உவமை ஒருபுடை ஒப்புமையே உடைத்து. ஈண்டு ஒப்புமை பயன் பற்றியது.

உவமையைத் திருப்பிக்கொண்டு, இறைவன் தண்டித்தல் அருளாதலின் தந்தை தண்டித்தலும் அருளே என்றல் அளவை நெறியன்று. என்னை? இறைவன் வெகுளியிலன், மலமிலன். ஒவ்வோருயிரின் வினையளவும் பக்குவமும் அறிந்து, மிகாது குறையாது செய்வன். அலுவலினின்று களைத்து வந்த தந்தை, அண்டை வீட்டார் முன் தலைகுனிவு நேர்ந்ததே என்று ஓங்கிய கையில் இவற்றுள் எது உளது? வெகுளியும் நாணமும் அற்ற கையாயின் அது ஓங்கட்டும். அத்தகைய கை ஓங்குதற்கு வேண்டுவது நேரிடாது என்பதே எம் துணிபு.

சீகாழியில் நிகழ்ந்ததனை நோக்குக. சிவபாதவிருதயர் குளக்கரையில் மூன்று வயது மகவை நிறுத்தி நீராடினார், மகவு அழுதது, அம்மையார் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினார். நீரினின்று எழுந்த தந்தையார் கடைவாயிற் பால் வழிதலைக் கண்டு, யாரோ கொடுத்த எச்சிலை உண்டாய் போலும், கொடுத்தாரைக் காட்டு எனச் சிறுகோல் ஒன்றை எடுத்து ஓச்சினார். இவ்விடம் பயிலும்போதெல்லாம் திருவருளின் பெருமையையே எண்ணி உருகுவோம்; அது தக்கதே. ஆயின் அது ஒழுக்கம் பயிற்றிய இடமும் ஆகும் என்பதனைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. பிறர் தந்த எச்சிலை உண்ணலாகாது என்பது அம்மறையவர் வீட்டு ஒழுக்கம். அதனை மூன்று வயதினர்க்குக் கோல்கொண்டு உணர்த்தத் தொடங்கினார். அவர் நோக்கம் தூயது, ஒழுக்கமும் உயர்ந்தது; அறிந்ததாக அவர் கொண்ட செய்தி மட்டும் தவறு. மகவு அறிந்ததைத் தந்தை அறிந்திலர். ஆயினும் அவர் அடித்துவிடவில்லை. கேட்டார், விடைக்குக் காத்தார். அவ்வொரு கணம் காவாதிருந்தால்? சேக்கிழார் பெருமான் அக்கோலையும் மறையாது கூறியது நமக்கு நல்லதாயிற்று. பின்னர் அத்தந்தையார் அம்மகவைத் தம் தோள்மேற் சுமந்து தலந்தோறும் சென்றார்.

மெய்கண்டதேவர் வரலாறும் இதன்பாற்படும். குலகுருவும் சகலாகம பண்டிதருமாகிய அருணந்தியார், சிறுபருவத்தினராகிய ஒருவர் உபதேசிக்கின்றார் என்பது பொறாது திருவெண்ணெய்நல்லூர் சென்று, ஆணவமலத்தின் வடிவம் யாது என வினவ, அவர் நின்ற நிலையே அது எனக் குறிப்பாற் காட்டப்பெற்று அடிவீழ்ந்தார் என்பது மரபு. அன்று திருமடத்தில் ஆணவத்தின் வடிவம் யாது என எவரேனும் நம்மை வினவியிருப்பின், குழந்தையைச் சுட்டியிருப்போம் என்பதே நமக்கு நாணந் தருகின்றது.

இனி, வணக்கம் பயிற்றுவோர் பலர் தாம் அறியாமலே வேறொன்றையும் உடன் பயிற்றுகின்றனர். யாரை வணங்கவேண்டா என்பதே அது. மேலதிகாரி வந்தால் 'வாருங்கள்' எனச் சொல்லுமாறு கற்பிக்கின்ற நாவே, வாயில் கூட்ட வந்த முதியவளை 'நீ' என்றும் 'வா' என்றும் விளிக்கின்றது. நம் மொழியில் வினைச்சொல்லின் ஈறே உயர்வு தாழ்வு காட்டும் ஆதலின் இதனை மறைத்தலும் இயலாது. நான்கு வயதுக் குழந்தை இலக்கணம் அறியாது; எனினும் எவர்க்கு 'ங்கள்' சேர்க்கப்படும், எவர்க்குச் சேர்க்கப்படாது என்பதனை நம்மினும் நுட்பமாக அறிந்துகொள்ளும். இஃது ஏனைக் குற்றங்கள் போல எளிதில் நீங்குவதன்று. மரியாதை என்னும் பெயராலே ஏறியதாதலின், பின்னர்க் குற்றமென்று தோன்றுவதே இல்லை. சைவர்க்கு இதனினும் பெரும்பிழை பிறிதில்லை என்போம்.

அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்ற பன்னிரண்டாஞ் சூத்திரம் பிறப்பும் பொருளும் நோக்கச் சொல்லவில்லை. திருநீலநக்கர், ஆளுடைய பிள்ளையார் வேண்டியவாறு திருநீலகண்டப் பெரும்பாணர்க்குத் தம் மனையின் வேதிகையருகே இடமளித்தார். நாவுக்கரசர்க்கு 'அப்பர்' என்னும் பெயர் வந்ததும், அந்தணச் சிறுவர் ஒருவர் வேளாண் மரபின் முதியவரைத் தந்தையென விளித்த இன்சொல்லால் அன்றோ? இவ்வரலாறுகளை மேடையிற் பேசும் நாம், நம் வீட்டு வாயிலில் நின்று பேசும் சொல்லைக் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கின்றது.

நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிப் பின்னர்ப் பாலபாடங்களும் சைவ வினாவிடையும் எழுதியருளினார். அவை எழுத்தறியும் சிறார்க்கு உதவுவன. எழுத்தறியாப் பருவத்தினர்க்கு வீட்டாரே நூல். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்கட்குப் பயிற்சியளித்த இத்தாலிய நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் வகுத்த முறையில், வணக்கங் கூறுதல், வழி விடுதல், பேசுவார் முடிக்குந்துணையும் காத்திருத்தல் என்பன பிழை நேர்ந்த பொழுது கடிந்து கூறப்படுவனவல்ல. பிழை ஒன்றும் நேராத அமைதியான வேளையில் ஆசிரியர் தாமே நடந்து காட்ட, குழந்தைகள் விளையாட்டாக அவ்வாறே நடந்து பழகுவர். பலர் முன்னிலையிற் பிடரியை அழுத்துதற்கும் இதற்கும் உள்ள சேய்மை சொல்லவேண்டுவதன்று. நம் இல்லங்களில் பூசை முடிந்தபின் தந்தையும் தாயும் முதலில் தாம் விழுந்து வணங்கின், குழந்தை பெரும்பாலும் அருகே வந்து விழும்; சில நாள் முதுகின்மேல் ஏறி அமரும். ஏறி அமரட்டும்.

செருமனி நாட்டு லைப்சிக் நகரில் வார்னெக்கென், தொமசெல்லோ என்னும் ஆராய்ச்சியாளர் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. அயலான் ஒருவன் கைதவறி விழவிட்ட பொருளை எட்ட மாட்டாது முயல்வான். பதினெட்டுத் திங்கள் நிரம்பிய குழந்தைகளுட் பெரும்பாலோர் எவரும் ஏவாமலே சென்று எடுத்துக் கொடுத்தனர். 2008 இல் அவர்களே செய்த மற்றோர் ஆய்வில், எடுத்துக் கொடுத்ததற்குக் கைம்மாறாக விளையாட்டுப் பொருள் பெற்ற குழந்தைகள், பெறாத குழந்தைகளைவிடப் பின்னர்க் குறைவாகவே உதவினர். ஆணவம் மறைத்தும் உயிரின் அன்பு முற்றும் மறைவதில்லை என்பதும், கூலி கொடுத்த அளவில் அது சுருங்கும் என்பதும் இதனால் நமக்குத் தோன்றுகின்றன. 'கும்பிட்டால் மிட்டாய் தருவேன்' என்பாரும் இதனைக் கருதுக.

அங்ஙனமாயின் குழந்தையை எதனிலும் தடுத்தலே ஆகாதோ எனின், அங்ஙனம் கூறிற்றிலேம். அயற் குழந்தையை அடிக்க ஓங்கிய கையைப் பற்றித் தடுத்தல் வேண்டும். கன்றின் வாலை முறுக்கும் கையை விலக்குதல் வேண்டும். துன்பஞ் செய்தலினின்று தடுத்தல் வேறு, வணக்கத்தை வலிந்து பெறுதல் வேறு. முன்னது பிறவுயிரைக் காத்தல். பின்னது பெரும்பாலும் நம் பெயரைக் காத்தல். 'மன்னிப்புக் கேள்' என நெருக்குதலினும், தான் கவிழ்த்த நீரைத் தானே துடைக்கத் துணி கொடுத்தல் நன்று. ஐந்தில் வளைத்தல் என்ற பழமொழியும் வளைத்தலையே கூறிற்று, ஒடித்தலைக் கூறவில்லை. மூங்கிலை வளைப்போர் சூடு காட்டி மெல்ல வளைப்பர்.

அன்று குருபூசையில் பின்னர் நிகழ்ந்ததனையும் கூறிவிடுகின்றோம். பந்தி முடிந்து திண்ணையினின்று எழுங்கால் நம் கைத்தடி நழுவிப் படிக்கட்டில் உருண்டது. முழங்கால் நோயால் நாம் உடனே குனிய இயலாது நின்றோம். கீழே விளையாடிக்கொண்டிருந்த அக்குழந்தை ஓடிவந்து, தன்னினும் நீண்ட அத்தடியை இரு கையாலும் தூக்கிப் படியேறி நம்மிடம் நீட்டிற்று. அப்பால் நின்ற தந்தையார் அதனைக் கண்டு, "அப்படியே தாத்தாவைக் கும்பிட்டுக் கொடு" என்றார். குழந்தை தடியை நம் காலடியில் வைத்துவிட்டுக் கைகளை மீண்டும் முதுகின்புறம் மறைத்துக்கொண்டது. நாம் படியில் அமர்ந்து, "தடியை எடுத்துத் தருகிறீர்களா, ஐயா?" என்று வேண்டினோம். எடுத்துத் தந்தது. இரு கையாலும் வாங்கிக்கொண்டோம்.